விரலளவு வீரரும் அவர் நிற்கும் மண்ணும்

மேசையின்மேல் நிலம் பரப்பி, அதில் ஆற்றையும் மேட்டையும் அமைத்து, விரலளவே உயரமுள்ள உலோகச் சிப்பாய்களை அணியணியாக நிறுத்தி, விதிகளுக்கு உட்பட்டுப் பகடை உருட்டிப் பழைய யுத்தங்களை மறுபடியும் நடத்திப் பார்க்கும் விளையாட்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நெடுநாளாக வேரூன்றிய ஒன்று. அதன் விதிகளைப் பற்றியும் வியூகங்களைப் பற்றியும் நூல்கள் நிரம்ப உண்டு. ஆனால் அதில் மனம் தோய்ந்தவர்களின் நேரத்தில் பெரும்பகுதி பகடையிலும் வியூகத்திலும் செல்வதில்லை. வர்ணம் தீட்டுவதிலேயே செல்கிறது. ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடப் போகும் யுத்தத்துக்காக மாதக்கணக்கில் தூரிகையும் கையுமாக உட்கார்ந்திருப்போர் பலர். தீட்டி முடித்த சேனையை ஒருநாளும் களத்தில் இறக்காமல், அலமாரியில் அடுக்கிப் பார்த்துத் திருப்தியடைவோரும் சிலர். இக்கட்டுரை எடுத்துக்கொண்ட விஷயம் அந்தத் தூரிகை வேலையும், அதன் முடிவில் உருவத்தின் காலடியில் மண்ணும் புல்லும் ஒட்டி அதனை ஒரு நிலத்துக்கு உரியதாக்கும் வேலையுமே ஆகும்.

இவ்விரு வேலைகளையும் எந்த அளவுகோலைக் கொண்டு மதிப்பது என்பதில் கலைஞர்களுக்குள் அபிப்பிராய பேதம் பெரிது. கையில் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்க்கையில் தெரியும் நுணுக்கமே அளவுகோல் என்பார் ஒரு சாரார். மேசையைச் சுற்றி நின்று பார்க்கையில் சேனை முழுவதும் சேர்ந்து தரும் தோற்றமே அளவுகோல் என்பார் மறு சாரார். என் மனம் இரண்டாவது கட்சியையே சார்கிறது. அந்தக் கட்சியை ஒப்புக்கொண்டவர்களும் அதன் முடிவான பொருளை முழுவதும் ஏற்றுக்கொள்ளவில்லை என்பதும், சீருடைக்குச் செலவிடும் சிரத்தையில் பாதியைக்கூட மண்ணுக்குச் செலவிடுவதில்லை என்பதும் எனக்கு நெடுநாளாக உள்ள குறை.

சரித்திரத்தைப் பார்த்தால், உருவத்துக்கு முன்னரே நிலம் தோன்றிவிட்டது என்பது தெரியவரும். 1812-ஆம் ஆண்டில் பிரஷ்ய நாட்டுப் பிரபு ரைஸ்விட்ஸ் தம் அரசரான மூன்றாம் பிரீட்ரிஷ் வில்ஹெல்முக்குச் சமர்ப்பித்த யுத்த மேசையில் சிப்பாய் உருவம் ஒன்றுகூட இல்லை. படைப்பிரிவுகளைக் குறிப்பதற்குச் சிறு பீங்கான் துண்டுகளே இருந்தன. ஆனால் ஆறும் சாலையும் மேடும் பள்ளமும் பிளாஸ்டரில் வார்க்கப்பட்டு, வர்ணம் பூசப்பட்டு, விரும்பியபடி மாற்றி அடுக்கத்தக்க சதுரத் துண்டுகளாக இருந்தன. அவருடைய மகன் 1824-இல் வெளியிட்ட விதிகளில் அந்த மேசை போய் வரைபடம் வந்தது; விளையாட்டு ராணுவ அதிகாரிகளின் பயிற்சியாயிற்று. அழகு அங்கே விடைபெற்றுக்கொண்டது.

உருவங்களோ வேறொரு வழியாக வந்தவை. நுரெம்பர்க் நகரில் ஹில்பெர்ட் குடும்பத்தார் 1770-களில், செதுக்கிய அச்சுகளில் வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றித் தகடுபோன்ற தட்டைச் சிப்பாய்களை வார்த்து விற்றனர். 1839-இல் அதே நகரில் தொழில் தொடங்கிய எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரத்தைத் தமக்கு அளவாகக் கொள்ள, பிறரும் காலப்போக்கில் அதைப் பின்பற்றினர். குல்ம்பாக் ஊரில் பிளாசன்பர்க் கோட்டைக்குள் இருக்கும் ஈயப் பொம்மை அருங்காட்சியகத்தில் இத்தகைய உருவங்கள் சுமார் 3 லட்சம் சேர்ந்திருக்கின்றன. தட்டை உருவத்தில் புடைப்பு மிகச் சொற்பம். ஆதலால் அதைத் தீட்டுபவர் ஓவியருடைய தொழிலையே செய்ய வேண்டியிருந்தது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று தீர்மானித்து, தோளின் உருட்சியையும் குதிரை வயிற்றின் வளைவையும் வர்ணத்தாலேயே உண்டாக்கினார். பிற்காலத்தில் முழு உருவங்களில் நிழலும் ஒளியும் தீட்டத் தொடங்கியவர்கள் ஏதோ புதுமை செய்துவிட்டதாக எண்ணியதுண்டு. உண்மையில் அந்த வித்தை தட்டை உருவங்களில் ஏற்கனவே முதிர்ந்திருந்தது.

லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-இல் கண்ட முறை இதற்கு நேர்மாறானது. அச்சுக்குள் உருகிய உலோகத்தை ஊற்றி, ஓரம் இறுகியவுடன் நடுவிலிருப்பதை வெளியே கவிழ்த்துவிடும் அம்முறையால் உள்ளே வெற்றிடமுள்ள முழு உருவங்கள் மலிவாகக் கிடைத்தன. அவை 54 மில்லிமீட்டர் உயரம், பளபளக்கும் எனாமல், கன்னத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, நிழல் என்பது அறவே இல்லை. 1913-இல் எச். ஜி. வெல்ஸ் தம் ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் விளக்கிய விளையாட்டு இந்த உருவங்களை வைத்தே நடந்தது. அதில் சண்டையைத் தீர்மானித்தது பகடையன்று, விசைவில் பொருத்திய பொம்மைப் பீரங்கியிலிருந்து பறக்கும் மரக்குச்சி. அடிபட்டு விழுந்து புரள வேண்டிய சிப்பாய்க்குக் கெட்டியான பளபளப்பு வர்ணம் அழகுக்காக அமைந்ததன்று, கவசமாகவே அமைந்தது. பீரங்கிக்குச்சி போய் விதியும் பகடையும் அந்த இடத்துக்கு வந்த பிறகுதான் வர்ணத்துக்கு மென்மை கிடைத்தது.

இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் இந்த விளையாட்டு மறுபடி தழைத்த விதத்தை விரிக்க இடமில்லை. 1959 முதல் ஏர்பிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட பிளாஸ்டிக் சிப்பாய்கள் எட்டணாக் கையிருப்புள்ள பள்ளிச் சிறுவனுக்கும் ஒரு சேனையை எட்டச் செய்தன என்பதையும், டொனால்டு பெதர்ஸ்டோன் 1962-இல் எழுதிய ‘வார் கேம்ஸ்’ நூல் சிதறிக் கிடந்த ஆர்வலர்களை ஒன்று சேர்த்தது என்பதையும் மட்டும் சொல்லி நகர்வோம். அந்தப் பிளாஸ்டிக் வளையும் இயல்புடையது. துப்பாக்கி முனை வளைந்தால் மேலிருந்த வர்ணம் செதிலாக உதிர்ந்துவிடும். சோப்பு நீரில் கழுவி, மரப்பசை போன்ற வெள்ளைப் பசையை மெல்லப் பூசி, அதன்மேல் தீட்டும் பழக்கம் அந்தக் கஷ்டத்திலிருந்தே பிறந்தது.

இனி, தூரத்தைப் பற்றிய கணக்குக்கு வருவோம். என் வாதத்தின் அஸ்திவாரம் அதுவே. இன்று மிகுதியாக வழங்கும் 28 மில்லிமீட்டர் அளவு என்பது சாமான்யமாகப் பாதத்திலிருந்து கண் வரையுள்ள உயரம். மனிதனுக்கு அவ்வுயரம் ஏறத்தாழ 1,600 மில்லிமீட்டர் என்று கொண்டால், உருவம் அவனில் 57-இல் ஒரு பங்கு. ஆகவே ஒரு மீட்டர் தள்ளி நின்று அதைப் பார்ப்பவர், 57 மீட்டர் தொலைவில் நிற்கும் ஒருவனைப் பார்ப்பவருக்குச் சமம். 15 மில்லிமீட்டர் உருவத்துக்கு அத்தூரம் ஏறக்குறைய 107 மீட்டர். 6 மில்லிமீட்டருக்கு 267 மீட்டர். 57 மீட்டரில் மீசை இருப்பது தெரியும், மார்பில் குறுக்காகச் செல்லும் வெள்ளைவார் தெரியும், முகபாவம் ஓரளவு தெரியும். கருவிழி தெரியாது, பித்தானின் விளிம்பு தெரியாது. அப்படியிருக்க, வெள்ளைவிழியையும் கருவிழியையும் தீட்டி, ஒரு பட்டாளம் முழுவதையும் திடுக்கிட்டு விழிப்பவர்கள்போல் ஆக்கிவிடுவது அளவறியாச் செயலாகவே எனக்குப் படுகிறது. புருவத்துக்குக் கீழே ஒரு கரும்பழுப்புக் கீற்று போதும். கண் தானே தோன்றிவிடும்.

இந்தக் கணக்கை மட்டும் பிடித்துக்கொண்டு, உடைக்கு ஒரு நிறம், முகத்துக்கு ஒரு நிறம் என்று நிறுத்திக்கொண்டால் அதுவும் பொய்யாகும். வெயிலில் நிற்கும் மனிதனுடைய தொப்பி விளிம்பின் கீழும், கக்கத்திலும், சட்டை மடிப்பிலும் ஆழ்ந்த நிழல் விழுகிறது. அறை விளக்கின் பரவிய ஒளியில், மில்லிமீட்டரில் ஒரு பகுதியே ஆழமுள்ள மடிப்பில் அந்த நிழல் விழாது. வர்ணமே அதைத் தர வேண்டும். சிறு பரப்பில் பூசிய கருநிறம் இன்னும் கருமையாகத் தோன்றும் என்பது மற்றொரு நியதி. பிரெஞ்சுக் காலாட்படையின் அவுரி நீலத்தைத் துணியிலுள்ளபடியே கலந்து பூசினால், மேசையில் அது கறுப்பாகிவிடும்; இரண்டு படி வெளுத்த நீலமே அங்கே உண்மையான நீலமாகத் தெரியும். ஆகவே, உள்ளதை உள்ளபடி தீட்டினால் உள்ளது தெரியாது. தூரத்துக் கண்ணை எண்ணி மிகைப்படுத்தித் தீட்டினால்தான் உள்ளது தெரியும்.

எவ்வளவு மிகை என்பதிலேதான் சம்பிரதாயங்கள் பிரிகின்றன. 1970-களில் இங்கிலாந்தில் பீட்டர் கில்டர் பெரிய பெரிய பட்டாளங்களை அழுத்தமான நிழலோடு தீட்டி ஒரு புது வழியைக் காட்டினார். 1978-இல் தொலைக்காட்சியில் வந்த ‘பேட்டில்கிரவுண்ட்’ தொடரில் அவருடைய சேனைகளைக் கண்டு தூரிகை எடுத்தவர்கள் அநேகர். அந்தக் காலத்துக் கைத்திறன்களில் குதிரை தீட்டும் முறை இன்றும் வெல்ல முடியாதது என்பது என் எண்ணம். வெளிர் மஞ்சளும் செம்மையும் கலந்த அடிவர்ணம் உலர்ந்தபின், ஓவியர்கள் பயன்படுத்தும் கரும்பழுப்பு எண்ணெய் வர்ணத்தைக் குதிரை முழுவதும் பூசி, சிறிது நேரம் கழித்து மென்துணியால் துடைத்தெடுத்தால், தசை எழும்பிய இடங்களில் அடிநிறம் பளிச்சிட, குழிகளில் கருமை தங்கும். விரல் செய்கிற இந்த வேலையைத் தூரிகை அவ்வளவு இயல்பாகச் செய்வதில்லை.

கெவின் டாலிமோர் பிரபலப்படுத்திய மூன்று படி முறையோ கண்டிப்பானது. கறுப்பு அடிவர்ணம் பூசி, ஒவ்வொரு நிறத்தையும் கருமை, நடு, வெளிர் என்று மூன்று படிகளில் ஏற்றி, ஒரு பொருளும் அடுத்த பொருளும் சந்திக்கும் இடத்தில் அடிக்கறுப்பை மயிரிழையாக விட்டுவைப்பார்கள். அருகில் பார்த்தால் படிகள் கலவாமல் முரட்டுத்தனமாகத் தோன்றும். ஒரு மீட்டர் விலகியவுடன் அவை தாமே கலந்து, உருவம் கூர்மையாக எழுந்து நிற்கும். தூரத்தைக் கணக்கிலெடுத்த முறை என்று நான் கருதுவது இதைத்தான்.

1975-இல் தொடங்கிய கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனமும், 1983-இல் அது வெளியிட்ட வார்ஹாமர் விளையாட்டும் இக்கலையை வேதாளங்களும் வீரர்களும் நிறைந்த கற்பனை உலகத்துக்குக் கொண்டுபோயின. 1987 முதல் நடைபெறும் கோல்டன் டீமன் போட்டி, உருவம் தீட்டுவதையே தனிக் கலையாக்கியது. விளிம்புகளில் மெல்லிய வெளிர்க்கோடு இழுப்பது, உலர்ந்த தூரிகையை மேடுகள்மேல் உரசி ஒளி ஏற்றுவது, நீர்த்த கருவர்ணத்தைக் குழிகளில் ஓடவிடுவது ஆகிய மூன்றும் இளைஞர் கையில் பரவியது அதன் வாயிலாகவே. பிரான்சிலும் ஸ்பெயினிலும் வளர்ந்த பாணி இன்னும் நுட்பமானது. உச்சியிலிருந்து ஒளி விழுவதாகக் கொண்டு, நீர்போல் மெலிந்த அக்ரிலிக் வர்ணத்தை அடுக்கடுக்காக ஏற்றுவர். உலோக வர்ணம் தொடாமல் சாம்பலும் வெள்ளையும் நீலமும் கொண்டே வாளின் மின்னலைத் தீட்டிவிடுவர். கண்காட்சிப் பேழையில் அது வியப்புக்குரிய சாதனை. விளையாட்டு மேசையிலோ உருவம் திரும்பும், நகரும்; தீட்டிய மின்னல் வாளோடு ஒட்டியே திரும்புமேயன்றி விளக்கை நோக்கி இடம் மாறாது. அந்த வித்தைக்கு அங்கே இடமில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

விரைவை நாடும் முறைகளைச் சிலர் கலைக்கு இழுக்கு என்பர். உருவத்தைக் கறை கலந்த வார்னிஷில் முக்கி எடுப்பதும், 2019-இல் வந்த கான்ட்ராஸ்ட் வர்ணம் போன்ற ஒளிபுகும் வர்ணங்களை வெளிர் அடிவர்ணத்தின்மேல் ஒரே தடவை பூசி, நிழலைத் தானே குழியில் தங்கவிடுவதும் அத்தகையவை. முந்நூறு சிப்பாய்களைத் தீட்ட வேண்டிய ஒருவருக்கு இவை உதவியே. தோல், மயிர், கம்பளம், குதிரை முதலிய கரடுமுரடான பரப்பில் அழகாக அமையும் இவ்வர்ணம், கேடயம் போன்ற சமதளத்தில் மட்டும் திட்டுத்திட்டாகத் தேங்கும். அந்த இடத்தை அறிந்து கைவேலை செய்பவருக்குப் பழுதில்லை.

பொதுவாகவே பேசிக்கொண்டு போகாமல் ஓர் உருவத்தை எடுத்துக்கொள்வோம். 1803-ஆம் ஆண்டு மதராஸ் காலாட்படைச் சிப்பாய். தமிழரும் தெலுங்கரும் சேர்ந்திருந்த அந்தப் படையினன் அணிந்தது சிவப்புக் கோட்டு, கருநீலத் தலைப்பாகை, முழங்காலுக்கு மேலேயே நின்றுவிடும் வெள்ளைக் கால்சட்டை, அதன் ஓரத்தில் நீலக்கரை, காலில் செருப்பு. அச்சு சேரும் இடத்தில் எழும் கோட்டை அரத்தால் தேய்த்து, சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, கறுப்புக்குப் பதிலாகக் கரும்பழுப்பு அடிவர்ணம் பூசுவது நல்லது. ஏனெனில் ஐரோப்பிய வீரனைவிட இவனிடத்தில் தோல் தெரியும் பரப்பு அதிகம். தொடையின் கீழ்ப்பாகமும் முழங்காலும் கெண்டைக்காலும் திறந்தே இருக்கின்றன.

தோல் நிறத்தில்தான் அயல்நாட்டுக் கைகள் பெரும்பாலும் தடுமாறுகின்றன. வர்ணக் கம்பெனிகள் ‘சதை’ என்று பெயரிட்டு விற்றது நெடுங்காலம் வரை வெள்ளையர் நிறம் ஒன்றையே. அதைப் பழுப்பில் கலந்து இந்தியத் தோலை உண்டாக்க முயன்றால், அதிலுள்ள வெள்ளை எழுந்து, முகம் சாம்பல் பூத்ததாகிவிடும். செம்மை கலந்த கரும்பழுப்பில் தொடங்கி, செம்பழுப்பில் காவியைச் சேர்த்து நடுநிறம் ஆக்கி, மூக்குத் தண்டு, கன்ன எலும்பு, விரல் கணு, முழங்கால் சில்லு, முன்கால் எலும்பின் நேர்கோடு ஆகிய இடங்களில் மட்டும் காவியும் ஒரு துளி ஆரஞ்சும் சேர்த்த வெளிர்நிறத்தைத் தொட்டுவைக்க வேண்டும். வெள்ளையை அறவே சேர்க்கலாகாது. பட்டாளத்தில் எல்லாருக்கும் ஒரே கலவை வேண்டாம். மாநிறமும் கருநிறமுமாக மூன்று கலவைகளைப் பத்துப் பேருக்குள் மாற்றி மாற்றிக் கொடுத்தால், அவர்கள் உண்மையில் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த மனிதர்களாகத் தோன்றுவர்.

சிவப்புக்கும் இதே நியதி. வெள்ளை சேர்த்து வெளிறச் செய்தால் ரோஜா நிறமாகும். ஆரஞ்சு சேர்த்தால் வெயில் பட்ட சிவப்பாகும். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், மதுநிறச் செம்பழுப்பே தகும். வெள்ளைக் கால்சட்டையும் மார்பு வாரும் மங்கிய சாம்பல் பழுப்பில் தொடங்கி, தூய வெள்ளை மடிப்பின் முகட்டில் மட்டும் வர வேண்டும். முதலிலேயே வெள்ளையைப் பூசியவருக்குப் பிறகு ஏறுவதற்குப் படியே இராது. தீட்டும் வரிசை உள்ளிருந்து வெளியே செல்வது: தோல், உடை, வார்கள், கடைசியாகத் துப்பாக்கி.

கருவிகளைப் பற்றி ஒன்றிரண்டு சொல்லி முடிக்கலாம். சைபீரிய மரநாயினத்து மயிரால் செய்த கொலின்ஸ்கி தூரிகைக்கு நிகர் இதுவரை இல்லை. வின்சர் அண்டு நியூட்டன் நிறுவனம் 1866-இல் விக்டோரியா மகாராணிக்காகச் செய்த ஏழாம் வரிசைத் தூரிகைகள் இன்றும் விற்பனையாகின்றன. புதியவர்கள் மிக மெல்லிய தூரிகையைத் தேடுவது தவறான வழி. அதிலுள்ள துளி வர்ணம் உருவத்தைத் தொடுமுன்பே உலர்ந்துபோகும். முனை கூராகச் சேரும் ஒன்றாம் எண் தூரிகை வயிறு நிறைய வர்ணம் தாங்கி, மயிரிழைக் கோட்டையும் இழுக்கும். முடித்தபின் முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் மங்கல் வார்னிஷ் பூசுவது விளையாடுபவர்களின் பாதுகாப்பு. பழைய ஈய உருவங்களைக் கருவாலி மரப் பெட்டியில் அடைத்துவைத்தால், மரத்திலிருந்து எழும் அமில ஆவி அவற்றை வெள்ளைப் பொடியாக அரித்துவிடும். அந்தப் பொடி நஞ்சு. தொட்ட கையைக் கழுவ வேண்டும்.

இனி மண். வெல்ஸின் சிப்பாய்கள் தம்மோடு வார்த்த சிறு தகட்டின்மேலேயே நின்றார்கள். பட்டாளத்தில் இருபது முப்பது உருவங்களை ஒவ்வொன்றாக நகர்த்துவது கஷ்டமானபின், சிலரைச் சேர்த்துப் பீடமாக ஓர் அட்டையில் ஒட்டும் வழக்கம் வந்தது. 1969 முதல் பழங்கால யுத்த விதிகளை வெளியிட்ட இங்கிலாந்தின் வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் இந்த அட்டையை விதியின் அங்கமாகவே ஆக்கிற்று. அதைச் சேர்ந்த பில் பார்க்கரும் மற்றவர்களும் 1990-இல் அமைத்த சிறு விளையாட்டில் ஒரு சேனைக்குப் பன்னிரண்டே பீடங்கள்; 15 மில்லிமீட்டர் உருவங்களுக்கு எல்லாப் பீடமும் 40 மில்லிமீட்டர் அகலம்; நெருங்கி நிற்கும் காலாளுக்கு ஆழம் குறைவு, யானைக்கு அதுவும் 40 மில்லிமீட்டர். பீடத்தைப் பார்த்தே எவ்வகைப் படை என்று சொல்லிவிடலாம். இந்தக் கிரமம் விளையாட்டுக்கு அளித்த நன்மை பெரிது. ஆனால் பீடம் அளவுகோலாக மாறியவுடன் அது நிலம் என்பது பலருக்கு மறந்துபோயிற்று. பச்சை வர்ணத்தை ஒரு தடவை பூசி, பச்சைப் பொடியைத் தூவினால் கடமை தீர்ந்தது. 1990-களில் வார்ஹாமர் சேனைகளின் பீட விளிம்பெல்லாம் ஒரே கண்ணைப் பறிக்கும் பச்சை. பாலைவனத்துக் குதிரைவீரனும் பனிமலை அரக்கனும் அந்த ஒரு பச்சையின்மேலேயே நின்றார்கள்.

உருவம் சிறுத்துக்கொண்டு போகப் போக மண்ணின் பங்கு வளர்கிறது. 28 மில்லிமீட்டர் வீரன் தன் பீடத்தை ஏறக்குறைய மறைத்துவிடுகிறான். 6 மில்லிமீட்டர் பட்டாளத்திலோ கண்ணில் படுவதில் பெரும்பகுதி தரைதான். அங்கே நல்ல தரையின்மேல் சுமாராகத் தீட்டிய சேனை, மோசமான தரையின்மேல் சிரமப்பட்டுத் தீட்டிய சேனையை வென்றுவிடும்.

செய்முறை சிக்கலானதன்று. இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள மரத்துண்டில் உருவத்தை ஒட்டி, அதனோடு வார்த்த தகட்டின் விளிம்பு தெரியாதபடி சுற்றிலும் மாவுப்பசையை இழைத்துச் சரிவாக்க வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டால், ஒவ்வொரு சிப்பாயும் தனக்கென ஒரு சிறு திண்ணையைச் சுமந்துகொண்டு போரிடுவதுபோல் இருக்கும். பிறகு வெள்ளைப்பசை, மணல், கரும்பழுப்பு வர்ணம், அது உலர்ந்தபின் காவியையும் எலும்பு நிறத்தையும் உலர்ந்த தூரிகையால் உரசுதல். மணலின் பருமனிலும் அளவைக் கணக்கு வருகிறது. ஒரு மில்லிமீட்டர் மணல், 28 மில்லிமீட்டர் உருவத்தின் உலகில் கைக்கு அடங்கும் 57 மில்லிமீட்டர் கல். 6 மில்லிமீட்டர் உருவத்தின் உலகில் காலடிக்குக் கால்முட்டும் 267 மில்லிமீட்டர் பாறை. மின்விசையால் நிமிர்த்தி ஒட்டப்படும் நைலான் புல் 4 மில்லிமீட்டர் நீளமானால், முன்னவனுக்குக் கணுக்காலைத் தாண்டும் புல், பின்னவனுக்கு இடுப்பளவு புதர். சல்லடையில் சலித்து இரண்டு மூன்று பருமன்களைப் பிரித்துவைத்துக்கொள்வது அரைமணி நேர வேலை. அது செய்யும் உபகாரமோ மிகப் பெரிது.

ஆனால் எந்த மண், எந்தப் பயிர்? இந்தக் கேள்வியை முறையாகக் கேட்ட ஒருவர் உண்டு; அவர் விளையாட்டுக்காரர் அல்லர். வில்லியம் சைபோர்ன் என்னும் ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1830-இல் வாட்டர்லூ யுத்தத்தின் மாதிரி ஒன்றை அமைக்கத் தொடங்கினார். லா ஹே செயின்ட் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தார். யுத்தத்தில் நின்ற அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதி, படை நின்ற அமைப்பைக் கேட்டதோடு நிற்காமல், அவர்கள் நின்ற வயலில் என்ன பயிர் இருந்தது என்பதையும் கேட்டறிய முற்பட்டார். 1838-இல் லண்டனில் காட்சிக்கு வந்த அந்த மாதிரியில் விரற்கடைக்கும் குறைந்த உருவங்கள் எழுபதாயிரத்துக்கு மேல். இன்று அது லண்டனின் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பிரஷ்யப் படையை எங்கே, எவ்வளவு பேராக நிறுத்துவது என்பதில் எழுந்த வழக்கு அவரைக் கடனிலும் கசப்பிலும் தள்ளியது என்பது தனிக்கதை. இங்கு எனக்கு வேண்டியது அந்தப் பயிர்க் கேள்வி. 1815 ஜூன் 16-இல் காத்ர் பிரா களத்தில் ரை என்னும் தானியப்பயிர் ஆளுயரம் நின்றது. அதன் மறைவில் வந்த பிரெஞ்சுக் குதிரைப்படையை அருகில் வரும்வரை பட்டாளங்கள் காணவில்லை. இரண்டு நாள் கழித்து வாட்டர்லூவில், இரவெல்லாம் பெய்த மழையில் நனைந்த பயிர், ஆயிரமாயிரம் கால்களின் கீழ்ச் சேற்றோடு சேறாகிப் படிந்துபோயிற்று. ஒரே மாதம், ஒரே நாடு, அதே சேனைகள். பீடங்களோ முற்றிலும் வேறாயிருக்க வேண்டும். பித்தானின் எண்ணிக்கைக்காக ரிஷர்ட் க்னோட்டெல் 1890 முதல் வெளியிட்ட சீருடைப் படங்களைப் புரட்டிப் புரட்டித் தேடும் அன்பர்கள், இதைத் தேடுவது அருமையாக இருக்கிறது.

நம் மதராஸ் சிப்பாய்க்குத் திரும்பினால் விஷயம் இன்னும் தெளிவாகும். இந்தியக் களம் என்றாலே மஞ்சள் மணலைத் தூவி, இரண்டு காய்ந்த புல்கொத்தை ஒட்டிவிடுவது மேலைநாட்டில் பரவலான பழக்கம். 1803 செப்டம்பர் 23-இல் ஆர்தர் வெல்லெஸ்லியின் தலைமையில் அவன் போரிட்ட அஸ்ஸாயே, கைத்னா ஆற்றுக்கும் ஜுவா ஆற்றுக்கும் இடைப்பட்ட தக்காணக் கரிசல் பூமி. செப்டம்பர் மழைக்காலத்தின் கடைசி. கம்பும் சோளமும் பச்சையாக நிற்கும் பருவம். அந்தப் பீடத்துக்கு மணல் மிகக் குறைவாகவும், நுண்ணிய பொடி மிகுதியாகவும் வேண்டும். அடிவர்ணம் கறுப்பன்று, ஊதா தோய்ந்த கரும்பழுப்பு. அதன்மேல் உலர்தூரிகையால் சாம்பல் பழுப்பு மட்டும், காவி அறவே கூடாது. ஈரம் காயத் தொடங்கிய இடத்தைக் காட்ட, பசை இளகியிருக்கும்போதே ஊசி முனையால் வெடிப்புகளைக் கீறலாம். பீடத்தில் மூன்றில் ஒரு பங்குக்குப் புது மழைப் பச்சை. அதே சிப்பாய் நான்கு ஆண்டுக்கு முன் 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டபோது நின்றதோ மைசூர்ச் செம்மண்ணும் காவேரிப் பாறையும்.

இங்கேதான் நடைமுறைச் சங்கடம் எழுகிறது. ஒரே பட்டாளத்தை இரண்டு களங்களிலும் இறக்க விரும்புபவர் எந்த மண்ணை ஒட்டுவது? எந்த மேசைக்கும் ஒத்துப்போகும் பொதுப் பழுப்பே போதும் என்பது பலர் தீர்வு. உருவத்தின் அடியில் காந்தம் பதித்து, களத்துக்கு ஒரு பலகையாக மாற்றி நிறுத்துவது சிலர் தீர்வு. வேலை இரட்டிப்பாகும், சந்துகளும் தெரியும். ஒரு களத்தைத் தேர்ந்து, அந்த மண்ணையே துணிந்து ஒட்டிவிட வேண்டும் என்பது என் கட்சி. அஸ்ஸாயேயின் கரிசலைச் சுமந்துகொண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நிற்கும் பட்டாளம் கண்ணை உறுத்தும் என்பது மெய்தான். ஆனால் எங்கும் பொருந்துவதற்காக எங்கும் இல்லாத ஒரு மண்ணின்மேல் எல்லாக் களத்திலும் நிற்கும் பட்டாளத்துக்கு ஒருநாளும் ஊர் வாய்ப்பதில்லை. மேசை விரிப்பை மண்ணுக்கேற்ப மாற்றுவது எளிது. நாற்பது பீடங்களை மாற்றுவது எளிதன்று.

மண் உலர்ந்தபின் ஒரு வேலை மிச்சமிருக்கிறது; அதைச் செய்பவர்கள் மிகச் சிலர். பீடத்துக்குக் கலந்த அதே கரிசல் வர்ணத்தை நீர்க்க விட்டு, சிப்பாயின் செருப்பிலும் விரல் சந்திலும் கணுக்காலிலும் தொட்டு, கெண்டைக்கால் வரை மங்கிக்கொண்டே போகும்படி மேலே இழுக்க வேண்டும். முன்வரிசையில் ஆற்றைக் கடந்து வந்தவர்களுக்கு முழங்கால் வரையும் வரலாம். கால்சட்டையின் நீலக்கரையில் இரண்டு தெறிப்புகள் போதும். அதற்கு மேல் சேறு ஏறினால் மறுபடியும் மிகையாகிவிடும்.